புடவைச் சீட்டு

புத்தூர்
9-1-1960

என் மகள் தாட்சாயணிக்கு,

இதை உன் நைனா தன் கையால் எழுதுகிறேன். போஸ்ட்மேன் எழுதித் தரவில்லை. வரதராஜன் வாத்தியார் பக்கத்தில் உட்காரவும் இல்லை. நேற்று ஆரம்பித்தேன். இன்று முடித்துவிடுவேன்.

அறுபத்திரண்டு வயதில் பள்ளிக்கூடம் போகிறேன் என்று ஊரில் சிரித்தார்கள். இப்போது அவர்களே கடுதாசி வந்தால் என்னிடம் கொண்டு வருகிறார்கள். திருத்தணி மதராசுக்குப் போகிறதாம், புத்தூர் ஆந்திராவிலேயே இருக்குமாம். அதனால் முதலில் தெலுங்கு எழுத்தா, தமிழ் எழுத்தா என்று வாத்தியார் கேட்டார். என் மகளுக்குத் தெரிந்த எழுத்து என்றேன்.

உன் அம்மா காலமானதால் போன வருஷம் பண்டிகை இல்லை, சீர் இல்லை. இந்தப் பொங்கலுக்கு உண்டு. இத்துடன் ஒரு சீட்டு இருக்கிறது. துணிக்கடை திருவேங்கடத்தின் தம்பி திருப்பதியில் கடை வைத்திருக்கிறார். அங்கே இதைக் கொடு. உனக்குப் பிடித்த புடவையை எடுத்துக்கொள். பணம் கட்டியாயிற்று. சீட்டில் உள்ள எழுத்தெல்லாம் என்னுடையது. திருவேங்கடம் கீழே கையெழுத்து மட்டும் போட்டார். மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் வணக்கம்.

உன் நைனா
செங்கல்வராயன்


திருப்பதி
18-1-1960

நைனாவுக்கு தாட்சாயணியின் வணக்கம்.

உங்கள் எழுத்தைப் பார்த்து முதலில் நம்பவில்லை. இவரிடம் காட்டினேன். ரேணிகுண்டா ஆபீசில் தன்னோடு வேலை செய்கிறவர்களைவிட நன்றாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் பொங்கல் அன்று நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவள் அண்ணன் மஞ்சள் கொத்தும் புடவையும் கொண்டுவந்தார். வாசலில் நின்று எல்லாரும் பார்த்தோம். என் மாமியார் கேட்டார், "ஏண்டி தாட்சாயணி, உங்க வூட்ல இருந்து யாரும் வரலியா?" நான் சீட்டைக் காட்டினேன். "இன்னாடி இது, உங்க நைனா கடையையே கவர்ல போட்டு அனுப்பிச்சிட்டாரா? இத்த இடுப்புல எப்படி சுத்திக்குவே?" என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அப்புறம் வெற்றிலை பாக்கோடு அந்தச் சீட்டைத் தட்டில் வைத்து, சாமிக்கு முன்னால் வைத்து நானே எடுத்துக்கொண்டேன். கொடுக்க ஆள் இல்லை. அப்போது சிரிப்பு வரவில்லை. கடைக்குப் போகவில்லை. போகவும் மாட்டேன்.

தாட்சாயணி


புத்தூர்
23-1-1960

என் மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதல் தரம் எழுத்துக்காக. மற்ற இரண்டும் விஷயத்துக்காக.

நான் கடைக்குப் போனது புடவை எடுக்கத்தான். திருவேங்கடம் இருபது புடவையைப் பிரித்துப் போட்டார். "பொண்ணு மாநிறமா, செவப்பா? இன்னா கலர் கட்டும்? சரிகை வோணுமா, வேணாமா?" என்று கேட்டார். மாநிறம் என்று மட்டும் சொன்னேன். நீ பிறந்ததிலிருந்து உனக்கு எல்லாம் எடுத்தது உன் அம்மா பொன்னியம்மாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன். "வயசான காலத்துல ஏன் பெரியவரே அவஸ்தைப் பட்டுக்கினு? சீட்டு வாங்கிக்கினு போ, அதுக்குப் புடிச்சத அது எடுக்கட்டும்" என்றார். சரி என்று பட்டது.

இப்போதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. பிடிக்காத புடவையை எடுத்து வந்தால் நீ ஒன்றும் சொல்லாமல் பெட்டியில் போட்டு வைப்பாய். சீட்டில் தப்பு வராது. அதோடு என் எழுத்தைப் பார்த்தால் உனக்கு அதுவே பெரிய சீர் என்று நினைத்தேன்.

வந்தாலும் உங்கள் வீட்டில் நான் என்ன பேசுவது? பேசுகிறதெல்லாம் உன் அம்மாதானே.

நைனா


திருப்பதி
28-1-1960

நைனா,

அம்மா எடுத்ததெல்லாம் எனக்குப் பிடித்ததா? ஒரு தீபாவளிக்குக் கத்தரிப்பூ நிறத்தில் கொண்டுவந்தாளே, அதைப் பார்த்தாலே எனக்கு ஆகாது. ஆனாலும் அன்று முழுக்க அதைத்தான் கட்டியிருந்தேன். ரயில் ஏறி வந்து கையில் கொடுத்தாள்.

அம்மாவோடு எனக்குத் தாய் வீடும் போய்விட்டது என்று இங்கே ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நினைக்கிறார்கள். பொங்கலிலிருந்து நானும் நினைக்கிறேன். நீங்கள் வந்து ஒன்றும் பேச வேண்டாம். உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் போதும்.

சீட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தப்பான புடவையாகவே எடுத்து வாருங்கள். வர முடியாது என்றால் இனி சீரும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். கடிதம் மட்டும் எழுதுங்கள்.

தாட்சாயணி


புத்தூர்
2-2-1960

என் மகள் தாட்சாயணிக்கு,

வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். தை மாதம் முடிவதற்குள் கொடுத்தால் பொங்கல் சீர்தான் என்று வாத்தியார் வீட்டு அம்மா சொன்னார். மஞ்சள் கொத்து இப்போது கிடைக்கவில்லை. வெல்லமும் புது அரிசியும் கொண்டு வருகிறேன். ரேணிகுண்டாவுக்கு மாப்பிள்ளை வர வேண்டாம். ஸ்டேஷன் பலகையைப் படித்து நானே இறங்கி ரயில் மாறிக்கொள்வேன்.

சீட்டைத் திருவேங்கடத்திடம் கொடுத்தேன். இந்தத் தடவை அவரை ஒன்றும் கேட்க விடவில்லை. காலையில் உட்கார்ந்தவன் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் எழுந்தேன். அரக்கு நிறம், மஞ்சள் கரை. வெளியே வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். கரை கொஞ்சம் அதிகமோ என்று சந்தேகம். உள்ளே வந்து இன்னொன்றைப் பார்த்தேன். மறுபடியும் இதையே எடுத்தேன்.

"புடிக்கலன்னா தம்பி கடையில மாத்திக்கட்டும், பில்ல பத்திரமா வெச்சிக்கோ" என்று திருவேங்கடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

அதனால் மாற்ற முடியாது. நிறம் பிடிக்கவில்லை என்றால் என் முகத்துக்கு நேராகச் சொல். இரண்டு நாள் இருப்பேன்.

உன் நைனா
செங்கல்வராயன்