ஐந்து மணி உலக்கை

பிப்ரவரி 5, திங்கள்

செர்வா இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு. குமாசி நகரில் எங்கள் சந்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண், என் பேத்தி! நான் ஐந்தாவதோடு நின்றவள். அவளுடைய பழைய நோட்டின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

படிப்பு இருக்கிறது, முகத்தில் களை இல்லை. வாலிபால் அணியில் பெயர் இருக்கிறது. ஒரு நாளும் ஆடப் போனதில்லை. கேட்டால், "நேரமில்ல பாட்டி."

தினம் சாயங்காலம் ஐந்து மணிக்கு, ராச்சாப்பாட்டுக்கு ஃபூஃபூக் களி இடிக்கிறோம். வெந்த மரவள்ளியையும் வாழைக்காயையும் நான் உரலில் தள்ளிக்கொடுக்க, அவள் உலக்கை போடுவாள். இன்று அவள் கண் எங்கேயோ. என் விரல் நசுங்கப் பார்த்தது.

பிப்ரவரி 6, செவ்வாய்

வெள்ளிக்கிழமைக்குள் பயிற்சிக்குப் போகாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். போனில் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி போகல?"

"வலை கிழிஞ்சிருக்கு. மைதானம் பூரா பட்டமளிப்பு நாற்காலி. விடு பாட்டி."

எப்படி விடுவது? பிள்ளைகளை நாள் முழுக்கப் புத்தகத்தில் கட்டிப்போடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஓடியாட வழியில்லையா? என்ன பல்கலைக்கழகம் அது!

பிப்ரவரி 7, புதன்

கோபம் தீரவில்லை. நாளை நேரில் போகிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

நல்ல துணியாக உடுத்திக்கொண்டு, வேனில் நசுங்கிப் போய் இறங்கினேன். விளையாட்டுத் துறையில் அடுசேய் என்றொரு அம்மாள். பிடிபிடி என்று பிடித்தேன்.

"வலை கிழிஞ்சது நெசந்தாம்மா, தைச்சாச்சு. நாற்காலிய பிள்ளைங்களே ஓரமா தள்ளிட்டு ஆடுதுங்க. தினம் அஞ்சு மணிக்கு."

"அப்ப என் செர்வா?"

சிரித்துவிட்டாள். "அவளுக்கு அந்நேரம் வீட்ல உலக்கை வேலையாமே! இடிச்ச ஃபூஃபூ தவிர எதுவும் தொண்டையில இறங்காத பாட்டி ஒருத்தங்க இருக்காங்களாம்... ஐயோ, நீங்கதானாம்மா அது?"

நான்தான். ஓரமாகக் கிடந்த வலையைப் பார்ப்பதுபோல நின்றேன்.

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா, பாவி மகள்? சொல்லியிருந்தால்— சொல்லியிருந்தால் மட்டும் விட்டிருப்பேனா? பக்கத்து வீட்டுக் கொனாடு இடிக்காமல் பாக்கெட் ஃபூஃபூ மாவைக் கிண்டித் தின்கிறாள் என்று இந்தச் சந்துக்கே கேட்கக் கேலி பேசியவள்தானே நான்.

சாயங்காலம் வழக்கம்போல இடித்தோம். எனக்கு ஃபூஃபூ இறங்கத்தான் இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

காலையிலேயே உலக்கையைக் கழுவிக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன்.

"அஞ்சு மணிக்கு இங்க உனக்கு வேலையில்லடி. போய் ஆடு."

"நீ என்ன சாப்பிடுவ?"

"வாய் இருக்கு. எதையாவது திங்கும். போடி!"

நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஐந்து மணி. சுவருக்கு மேலே கொனாடுவின் தலை.

"என்னக்கா, உலக்கைச் சத்தத்தையே காணோம்?"

"பந்து அடிக்கப் போயிருக்கு" என்றேன். "உன் மாவு ரெண்டு கிண்ணம் குடு. கட்டி விழாம எப்படிக் கிண்டணும்னும் சொல்லு."