நகர்ந்தது இரும்பா, அளவுகோலா

நவ. 4, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. பாப்பாவுக்கு மூக்கு ஒழுகல். காய்ச்சல் இல்லை. ஆனாலும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

டிடெக்டர் தரவைச் சரிபார்ப்பது என் தொழில். பிரசவ விடுப்பு முடிந்து முதல் உருப்படியான வேலை. அனுப்பியது ஃபரீதா, கல்லூரித் தோழி. ராயப்பேட்டையிலிருந்து அடையாறுக்கு ஆராய்ச்சிக்குப் போகிறவள். செயற்கைக்கோளின் எக்ஸ்-ரே டிடெக்டர் பல மாதங்கள் பார்த்த ஒரு விண்மீன். அதிலுள்ள இரும்பு விடும் எக்ஸ்-ரே, வரைபடத்தில் அகலமான ஒரே மேடு; அந்த இரும்புக்கோடு விழவேண்டிய ஆற்றலுக்குச் சற்றுக் கீழே விழுகிறது. அப்படியென்றால் அங்குள்ள சூடான வாயு நம்மை விட்டு விலகி ஓடுகிறது என்று கட்டுரையே எழுதிவிட்டாள். ஆய்வேட்டில் பாதி அதுதான்.

"சும்மா ஒரு தபா பாத்து ஓகே சொல்லுடி. வெள்ளிக்கெழம அனுப்பணும்."

சும்மா பார்க்க எனக்கு வராது. டிடெக்டருக்கு வயதானால் அதன் அளவே கீழே நழுவும். நழுவியது அதுதான் என்றால், வாயு எங்கும் ஓடவில்லை.

புதன்

சரிபார்க்கவென்றே டிடெக்டருக்குள் வைத்த கதிரியக்கத் துண்டு மங்கிப்போயிருக்கிறது. அதை நம்ப முடியாது. இடம் மாறாத வேறு எது இருக்கிறது அங்கே?

வாங்க: டயப்பர், மூக்குச் சொட்டு மருந்து, ரவை.

பாப்பா தூங்கும்போது மூச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கார்த்தி: "அது பாட்டுக்கு மூச்சு விடும். நீ கொஞ்சம் விடு." புருஷனுக்கு என்ன, சொல்லிவிட்டுக் குறட்டை.

வியாழன்

செம்பு! டிடெக்டருக்குப் பின்னாலுள்ள சர்க்யூட் பலகையில் செம்பு. விண்வெளித் துகள்கள் மோதினால் அதுவும் எக்ஸ்-ரே விடும். எல்லாரும் குப்பையென்று கழித்துவிடும் பின்னணி, நானும்தான். ஆனால் செம்புக்கோடு எங்கே விழவேண்டும் என்பது தெரியும். திருகி முடுக்கிய செம்பு எங்கே ஓடும்?

கழித்ததையெல்லாம் திரும்ப எடுத்து, மாதவாரியாக அடுக்கினேன். மாதத்துக்கு மாதம் செம்பும் கீழே. இரும்பு நழுவிய அதே விகிதம்.

நழுவியது அளவுகோல்தான். அவளிடம் எப்படிச் சொல்ல? போனில் வேண்டாம்.

வெள்ளி

மத்தியானம் ஃபரீதா எங்கள் மந்தைவெளி வீட்டுக்கு வந்தாள், தொப்பலாக நனைந்து. செம்பு நழுவும் வரைபடத்தைக் காட்டினேன்.

"அப்போ என் வாயு?"

"எங்கயும் போகலடி."

பாப்பா அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தது. "உங்கம்மா என் ஆய்வ கவுத்துட்டா. நீயாவது சிரி." சிரித்தது, மூக்கு ஒழுக.

ஒவ்வொரு மாதத் தரவுக்கும் அந்தந்த மாதச் செம்பை வைத்துத் திருத்தம். பிறகு எல்லாவற்றையும் மறுபடி கூட்டினோம். இரும்பு தன் இடத்துக்கு வந்து நின்றது. ஆனால் அந்த அகலமான ஒற்றை மேடு இரண்டாகப் பிரிந்திருக்கிறது! நழுவலில் இரண்டும் ஒன்றாக இழுகிக் கிடந்திருக்கின்றன.

ஃபரீதா திரையில் மூக்கை ஒட்டாத குறை. "இன்னாடி இது? யாரு இந்த ரெண்டாவது ஆளு?"

சூடு கூடினால் இரும்பின் கோடு சற்று மேலே விழும். இன்னும் சூடான இரும்பா? இருக்கலாம். கட்டுரையை அனுப்பவில்லை. தலையைத் துவட்டச் சொன்னதைக்கூடக் கேட்காமல், முதல் பத்தியை அழித்துக்கொண்டிருக்கிறாள்.