பொம்பிளைப் பகுதி

செப். 26, வெள்ளி. டோர்ட்மண்ட், ஜேர்மனி.
காலையிலிருந்து தூறல். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஐந்தாம் நாள். இன்னும் குளிர் பழகவில்லை.

நாளை தங்கச்சி வசந்தியின் கணவர் மார்க்குஸின் ஊருக்கு. மோசெல் ஆற்றங்கரை, பழைய வைன் கிராமம். திராட்சை அறுவடை நேரமாம். எடுத்து வைக்க: கம்பளிச் சட்டை, பிரஷர் குளிசை, பனங்கட்டி (மார்க்குஸின் அப்பாவுக்கு).

அந்தப் பெரியவரின் முகத்தில் எப்படி முழிப்பது? பத்தொன்பது வருஷத்துக்கு முன் வசந்தி அனுப்பிய கலியாண அழைப்புக்கு நான் பதிலே போடவில்லை. வெள்ளைக்காரனைக் கட்டுகிறாள் என்று கோபம். அம்மாவையும் போன் எடுக்க விடவில்லை. அதைப் பற்றி இன்றுவரை அவள் ஒரு சொல் கேட்கவில்லை. "அண்ணா, புட்டுக்குச் சம்பல் காணுமோ, இன்னும் போடட்டோ?" இவ்வளவுதான்.

செப். 27, சனி.
நல்ல வெயில். காரில் மூன்று மணித்தியாலம். ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. மலை சுவர் போல நிற்கிறது, அதில் வரிசை வரிசையாகத் திராட்சை. கீழே மரச்சட்டம் போட்ட பழைய வீடுகள். ஒரு சுவரில் வெள்ளம் ஏறிய உயரங்களைக் கோடு கீறி ஆண்டு எழுதியிருக்கிறார்கள். ஒரு கோடு என் தலைக்கு மேல்.

மார்க்குஸின் அப்பா யோசெஃப். வயது எண்பத்துமூன்று. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தவர் விடவில்லை. நான் குடிப்பதில்லை என்று முன்பே விசாரித்து, எனக்கென்று பழச்சாறு வைத்திருந்தார். தேன்தான். பனங்கட்டியை மணந்து பார்த்து வாயில் போட்டார். இன்னொரு துண்டு கேட்டார்.

கூடத்தில் வசந்தியின் கலியாணப் படம். தேவாலயம். வலப்பக்க வாங்குகளில் நெருக்கமாக ஆட்கள் அமர்ந்திருக்கிறார்கள். இடப்பக்கம், முன்வாங்கில் ஒரே ஒருவர்.

"உது ஆர்?"

வசந்தி கோப்பை துடைத்தபடி, "மார்க்குஸின்ரை அப்பா, மாமாதான். அது பொம்பிளைப் பகுதி, கலியாணப் பொம்பிளையின்ரை ஆக்கள் இருக்கிற பக்கம். எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையெண்டு எழும்பி வந்து இருந்தவர்."

சாப்பிட முடியவில்லை. பயணக் களை என்றேன்.

செப். 28, ஞாயிறு.
திராட்சை வெட்டினோம். சரிவில் நிற்கவே கால் நடுங்கியது. அரை வாளி. முதுகுப் பிடிப்பு.

யோசெஃப் இப்போது மலை ஏறுவதில்லை. அடிவாரத்தில் கதிரை போட்டு அமர்ந்து, அழுகிய பழங்களைக் கத்தரித்து எறிகிறார். பக்கத்தில் போய் இருந்தேன். வசந்தியைக் கூப்பிட்டேன்.

"நான் சொல்லுறதை அவருக்கு அப்பிடியே சொல்லு. அண்டைக்கு அந்த வாங்கிலை இருந்திருக்க வேண்டியது நான். நீங்கள் இருந்தனீங்கள். இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாது."

தொடங்கினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சொல்லி முடித்தாள். யோசெஃப் கத்தரிக்கோலை மடியில் வைத்துவிட்டு மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்லுறார்?"

"ஒண்டுமில்லை அண்ணா."

"சொல்லு."

"மாமா இருந்தும் நான் திரும்பித் திரும்பி வாசலைத்தான் பாத்தனானாம்."

அவள் தலையில் கை வைத்தேன். "பிழை விட்டிட்டன், வசந்தி." என் தோளில் சாய்ந்து அழுதாள். யோசெஃப் மற்றப் பக்கம் திரும்பி இருந்து வேலையைத் தொடர்ந்தார்.

செப். 29, திங்கள். ரயிலில்.
மூடுபனி. ஆறு தெரியவில்லை. மார்க்குஸ் அறுவடை முடிந்துதான் வருவார். எங்களிடம்: பழச்சாறு ஆறு போத்தல், யோசெஃபின் கம்பளித் தொப்பி (வேண்டாமென்றும் தலையில் போட்டுவிட்டார்).

"கலியாணத்தண்டு காலமை என்ன சாப்பிட்டனீ?" என்று கேட்டேன்.

"இப்ப என்னத்துக்கு அண்ணா?"

"முதலிலை இருந்து சொல்லு. எல்லாம் கேக்கவேணும்."

சொல்கிறாள். இரண்டு இடத்தில் ரயில் மாறிவிட்டோம். கதையில் அவள் இன்னும் சேலை உடுத்து முடியவில்லை.