மயக்கம் போட்டு விழவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் மகள் வாண்டு மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், அதை முதலில் நம்பு. நீயும் மாப்பிள்ளையும் அங்கே நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பெல்லாம், ஆனால் போனில் நீ அழுத அழுகைக்குப் பிறகு நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ அழுகிறாய், தகடு வெட்டும் பட்டறையிலேயே காலம் தள்ளிய என் காதுக்கு அதில் பாதி விழவில்லை, நான் கத்துகிறேன், அப்பா திட்டுகிறார் என்று நினைத்து நீ இன்னும் அழுகிறாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், கடிதத்தில் நான் என்ன கத்தினாலும் உனக்குக் காது வலிக்காது.

குடும்ப குரூப்பில் உன் பெரியம்மா போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, இனிமே அவள வெளிய எங்கயும் கூட்டிட்டுப் போகாதீங்கப்பா, நாங்க வந்து அழைச்சுக்கிற வரைக்கும் வீட்டுக்குள்ளயே வெச்சுக்கோங்க என்று சொன்னாய். உங்களுக்கு அங்கே வீடு அமைந்து அவளைக் கூட்டிக்கொள்ள இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். ஆறு வயசுப் பிள்ளை அதுவரை நாலு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமாம். முடியாது. இதைக் கடைசியில் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றாள் உன் அம்மா, எனக்கு அந்தப் பக்குவமெல்லாம் வராது, முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நடந்ததைக் கேள். பெரியப்பா வீட்டில் பேரப்பிள்ளைகளை எல்லாம் தீம் பார்க்குக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. உன் பெரியம்மா வந்து, சத்தம்னாலே காதப் பொத்திக்கிட்டு ஓடற பிள்ளை, அவளுக்கு எதுக்குங்க கஷ்டம், வீட்லயே நிம்மதியா இருக்கட்டும் என்று தேனொழுகச் சொன்னாள். அவளும் வருவாள், நாங்களும் வருவோம் என்றேன். வேலில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிறாரு என்று வாசலைத் தாண்டும்போது பெரியப்பாவிடம் முணுமுணுத்திருக்கிறாள், எனக்குக் கேட்காத காது, உன் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. அதோடு உன் அம்மாவும் என் கட்சி.

நாங்கள் ஒன்றும் கண்ணைக் கட்டிக்கொண்டு கிளம்பவில்லை. பட்டறையில் நாங்கள் போடுகிற காது மூடி ஒன்றை மேஸ்திரி பட்டையை அறுத்துச் சின்னதாக்கித் தந்தான், ஒரு வாரம் அதைத் தலையணையில் மாட்டி வைத்துப் பழக்கி, பிறகுதான் அவள் தலைக்கு வந்தது. உன் அம்மா புதுச் சட்டையின் கழுத்துத் துணியைப் பிரித்து, கழுத்தில் உறுத்தாதபடி தையலை வெளிப்பக்கமாக வைத்துத் தைத்தாள். தினமும் சாயங்காலம் கூடத்தில் வரிசை ஒத்திகை. முன்னால் உன் அம்மா, நடுவில் வாண்டு, பின்னால் நான், சில நாள் மாடி வீட்டு டைப்பிஸ்ட் அம்மாளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். வரிசை நகர்ந்து நகர்ந்து முடிகிற இடத்தில் என் சுழல் நாற்காலி. முறை வந்ததும் அவள் ஏறி உட்காருவாள், நான் சுற்றிவிடுவேன். எள்ளளவும் பிசகாமல் கற்றுக்கொண்டாள் தெரியுமா. நின்றால் முறை வரும், முறை வந்தால் சுற்றும். நானும் பெரிய வாத்தியார் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டேன்.

அன்றைக்கு பார்க்கில் அதே மாதிரிதான் நின்றாள். பெரிய கோப்பைக்குள் உட்கார வைத்துச் சுற்றும் ராட்டினத்துக்கு அத்தனை நீள வரிசை, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளே முண்டியடித்தார்கள், இவள் மட்டும் என் சட்டை நுனியைப் பிடித்தபடி அடி பிசகாமல் நகர்ந்தாள். கம்பிக் கதவு வரை வந்துவிட்டோம், அடுத்தது அவள். அப்போது ராட்டினக்காரன் குறுக்கே சங்கிலியை மாட்டி, மெஷின் மக்கர் பண்ணுது, கொஞ்ச நேரம் ஆகும் என்றுவிட்டான். எங்கள் ஒத்திகையில் நாற்காலி ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. வரிசை நடுவில் நகராமல் நின்றுபோகவும் கூடும் என்பதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சொன்ன பேச்சு பொய்யாகிவிட்டது, அவள் தரையில் விழுந்து கத்தினாள். தப்பு என்னுடையது, அவளுடையது இல்லை, இதை எந்த குரூப்பில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்.

இனி அந்த வீடியோவுக்கு வருகிறேன். தாத்தாவும் மயங்கி விழுந்துட்டாரு, பாவம் என்று உன் பெரியம்மா கீழே எழுதியிருக்கிறாளாமே. மயக்கமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. நானாகத்தான் படுத்தேன். அந்த நேரத்தில் தூக்கினால் அவளுக்கு ஆகாது, தொட்டால் அடிப்பாள், நின்றுகொண்டு பேசினால் நம் முகம் எங்கோ உச்சியில் இருக்கிறது. அதனால் ஒரு கை தூரம் தள்ளி அவளைப் போலவே மல்லாந்து படுத்து, ஒன்றும் பேசாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரை சுட்டது, வெள்ளைச் சட்டை பாழ், அதற்கு உன் அம்மாவிடம் இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். குளிர்கண்ணாடி போட்ட ஒருத்தர் குனிந்து, இந்த மாதிரிப் பிள்ளைய எதுக்குங்க இங்கெல்லாம் கூட்டிட்டு வர்றீங்க என்று கேட்டார். நீங்க எதுக்கு வந்தீங்களோ அதுக்குத்தான் சார் என்று படுத்தபடியே சொன்னேன். வீடியோ சட்டென்று கறுப்பாகி முடிகிறதே, ஏன் தெரியுமா? அது உன் அம்மாவின் குடை. போனுக்கு நேராகக் குடையை விரித்து, அக்கா, படம் பிடிக்கணும்னா இதப் பிடிங்க என்று நின்றாள். கட்டின நாளிலிருந்து உன் பெரியம்மாவுக்கு எதிரே குரலை உயர்த்தாதவள். எனக்குக் கீழே படுத்துக்கொண்டே சிரிப்பு வந்துவிட்டது.

நீ பார்த்தது அதுவரைதான், நாள் அதோடு முடியவில்லை. வாண்டு கத்தி ஓய்ந்து, புரண்டு என்னைப் பார்த்து, எழுந்து கையை நீட்டினாள். சற்று ஒதுக்குப்புறமாக அமைதி அறை என்று பலகை மாட்டிய ஓர் அறை இருந்தது, திறக்கச் சொன்னால் உள்ளே கரடி வேஷத்துத் தலைகள் கூரை வரை குவிந்து கிடக்கின்றன. மேனேஜரைக் கூப்பிட்டு நாலு பேர் கேட்கக் கேட்டேன், அடுத்த தடவ நீங்க வரும்போது காலியா இருக்கும்யா என்றார். அதை நான் போய்ப் பார்க்கத்தான் போகிறேன். பிறகு வீட்டுக்குப் போய்விடலாம் என்று வெளியே போகும் வழிக்கு வந்தோம். அங்கே ஆள் தள்ளினால் சுற்றுமே, மூன்று கை வைத்த இரும்புத் தடுப்பு, அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். உள்ளங்கையால் மெல்லத் தள்ளினாள், டக் என்று ஒரு சத்தம். இன்னொரு தள்ளு, இன்னொரு டக். அப்புறம் என்ன செய்தாள் தெரியுமா, காது மூடியை அவளே கழற்றி உன் அம்மா கையில் கொடுத்துவிட்டாள். அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது. காவல்காரர், வெளிய போனா டிக்கெட் செல்லாதுங்க என்றார், செல்லாமல் போகட்டும், நாங்கள் வெளியேயும் போகவில்லை உள்ளேயும் போகவில்லை. மத்தியான நேரம், அந்த வழியாக யாரும் போகவில்லை, அவள் சுற்றிச் சுற்றி வாய்விட்டுச் சிரித்தாள். நீ ஊருக்குப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. ராட்டினத்தில் ஏறினால்தான் சிரிக்க வேண்டும் என்று டிக்கெட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லையே.

உனக்குப் பயம் என்று எனக்குத் தெரியும் கண்ணு. நாலு பேர் பார்ப்பார்கள், அவளைப் பேசுவார்கள், பக்கத்தில் நீ இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. இவர்களுக்குப் பயந்து இன்றைக்கு அவளை உள்ளே வைத்தால், வெளியே இடம் இல்லாதவள் என்று அவளுக்கு நாமே சொல்லிக்கொடுத்ததாக ஆகும். தாய் நீ, என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன், பூட்டச் சொல்லாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்க்காதே. மாப்பிள்ளைக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. உன் அம்மா உனக்குத் தைத்த இரண்டு ரவிக்கையைத் தனியே அனுப்பியிருக்கிறாள், உள்ளே துணி விட்டுத் தைத்திருக்கிறாளாம், சதை போட்டிருந்தால் பிரித்துவிடு, இளைத்திருந்தால் பிடித்துக்கொள். எந்தக் குறையும் இல்லாமல் நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசி.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பார்க்குக்குப் போய் வந்த மறுநாள் காலையில் நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாண்டு என் செருப்பை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து, என் காலடியில் ஜோடியாக வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து நின்றாள். அன்றிலிருந்து தினமும் வைக்கிறாள். வெளியே அழைத்துப் போகாதே என்று நீ சொல்கிறாய். அந்தச் செருப்பை அவள் கண்ணில் படாமல் நான் எங்கே ஒளித்து வைப்பது, அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத
அப்பா