ஜட்கா முனுசாமியின் பேரை எடுக்க மாட்டேன்

என் ஆசை நைனாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன் பேத்தி தேவிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பையனுக்கு ஊர் முகப்பேர், நல்ல பிள்ளை. சந்தோஷமான சேதியைச் சண்டையோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

பத்திரிகையில் 'தெய்வத்திரு ஜட்கா முனுசாமி அவர்களின் பேத்தி' என்று போடச் சொல்லியிருந்தேன். அச்சுக்குப் போகுமுன் மாதிரியைப் பார்த்த சம்பந்தியம்மாள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வெறும் முனுசாமின்னு போட்டா போதாதா? ஜட்கான்னா என்னன்னு எங்க சொந்தக்காரங்க கேக்குறாங்க. பட்டப்பேரு மாதிரி இருக்கு."

பட்டப்பேர்தான். அம்பத்தூரில் தெருவுக்கு ஒரு முனுசாமி உண்டு. ஜட்கா முனுசாமி நீ மட்டும்தானே?

அர்த்தம் சொன்னேன். ஒற்றைக் குதிரை, இரண்டு சக்கரம், வளைந்த கூண்டு, உள்ளே வைக்கோல் பரப்பி மேலே சாக்கு. ஏறி உட்கார்ந்தால் ஆளைக் குலுக்கி எடுத்துவிடும். வடக்கத்திப் பேச்சில் அந்தச் சொல்லுக்கே குலுக்கல் என்றுதான் பொருளாம். பின்பாரம் ஏறினால் வண்டி மல்லாந்துவிடும் என்று, "முன்னால வந்து குந்து அண்ணாத்தே!" என்று நீ கத்துவது ஸ்டேஷன் வரைக்கும் கேட்கும்.

அர்த்தம் அவ்வளவுதான். புழக்கம் வேறு. நம் தெருவில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தால், "ஜட்காவக் கூப்புடு!" என்றுதான் முதலில் அலறுவார்கள். நீ சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவாய். அந்தச் சொல்லில் எனக்கு என்ன வெட்கம்?

அப்புறம் பேச்சுவாக்கில் சம்பந்தியம்மாள் ஒன்று சொன்னார். மாப்பிள்ளை அழைப்புக்கு சாரட்டு பேசியிருக்கிறார்களாம், இரண்டு வெள்ளைக் குதிரை பூட்டி. எனக்குச் சுருக்கென்றது.

"குதுர வண்டில ஊர்கோலம் வரலாம், குதுர வண்டிக்காரன் பேரு மட்டும் ஆவாதாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவர் காபியைத் தொடாமலே கிளம்பிவிட்டார்.

பயந்துபோனேன் நைனா, உன்னிடம் மறைப்பானேன். என் வாயால் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமோ? "உனுக்காக அந்தப் பேர எடுத்துடறேண்டி" என்று தேவியிடம் சொல்லியும்விட்டேன்.

அவள் என் எதிரிலேயே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "எங்க தாத்தா பேரு முழுசா இல்லாத பத்திரிகைல எம்பேரும் வோணாம். உங்கம்மா கைல சொல்லிடு."

அந்தப் பிள்ளை, "அப்படியே போடச் சொல்லு. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றது.

சம்பந்தியம்மாள் இன்னும் முறைப்பாகத்தான் இருக்கிறார். இருக்கட்டும். பத்திரிகை அச்சாகி இன்று வீட்டுக்கு வந்துவிட்டது. நாளைக்கு வெற்றிலை பாக்குத் தட்டோடு முகப்பேருக்கு நானே போகிறேன். உன் பேரை, ஜட்காவில் ஆரம்பித்து, அவர் எதிரில் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் பத்திரிகையைக் கையில் கொடுப்பேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
ஜட்கா முனுசாமி பெற்ற மகள்
கஸ்தூரி