பாலிசியில் இரண்டு பெயர்

மகளே, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் டிரைவிங் லைசென்ஸில் ஏறிய அபராதப் பாயின்ட்டுக்கு மூன்று வருடம் முடிந்துவிட்டது. இனி உன் பெயரைச் சேர்த்தாலும் பிரீமியம் ஏறாது என்று கார் இன்சூரன்ஸ் ஏஜென்ட் போனில் சொன்னார்.

உம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் அவசரத்தில் ஃப்ரீவேயில் வேகமாக ஓட்டி நீ போலீஸிடம் வாங்கிய டிக்கெட் அது. கிரீன் கார்டு வரவேண்டிய நேரத்தில் கோர்ட் என்ற சொல்லுக்கே பயந்து, உன்னைக் கேட்காமல் அன்றே அபராதத்தைக் கட்டினேன். கோர்ட்டில் கேட்டு, டிராஃபிக் ஸ்கூல் என்ற ஒருநாள் வகுப்புக்கு நீ போயிருந்தால் அந்தப் பாயின்ட் இன்சூரன்ஸ்காரர்களுக்குத் தெரியவே வந்திருக்காதாம்.

பிரீமியம் ஏறியதும் பாலிசியிலிருந்து உன் பெயரை எடுத்தேன், சாவியையும் வாங்கிக்கொண்டேன்.

"அப்ப உம்மாவ யாரு வாப்பா டிராப் பண்ணுவாங்க?" என்று கேட்டாய்.

"டாக்ஸி இருக்குல்ல" என்றேன்.

நான்கு மாதம் உம்மா டாக்ஸியில் தனியாகத்தான் போய்வந்தாள். மவுத்தாகும் முன் கடைசியாக அவள் பேசியது ஒரு டாக்ஸி டிரைவரிடம். என்ன பேசினாள் என்று நான் அவரைக் கேட்கவில்லை.

"இப்ப வீட்டுல எத்தன டிரைவர்ஸ், சார்?" என்று அதே போனில் கேட்டார் ஏஜென்ட்.

நீயும் நானுமாக இரண்டு பேர் என்றேன். நீ வீட்டைவிட்டு டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்குப் போய்விட்டதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
வாப்பா