அழித்த எண்

என் குரங்கே,

உன்னை ஜன்னலோரப் படுக்கைக்கு மாற்றிவிட்டார்களாமே, உன் அம்மா சொன்னார்கள்.

இன்று வகுப்பில் உன் ரத்தப் புற்றுநோயைத்தான் நடத்தினார்கள். "ஆரம்பத்துலயே கண்டுபிடிச்சா காப்பாத்திடலாம்" என்று மேடம் சொன்னதும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

போன வருஷம் லேபில் உன் விரலைக் குத்தி, ரத்தத்தில் வெள்ளையணுக்களை எண்ணினோமே. எனக்கு நாற்பதாயிரம் வந்தது. "உனக்கு எண்ணவே தெரியலடி, கழுதை. புக்ல இருக்கற மாதிரி ஏழாயிரம்னு போடு" என்று சிரித்தாய். ரப்பரால் அழித்துவிட்டு அப்படியே போட்டேன். பத்துக்குப் பத்து வாங்கினோம்.

அந்த நோட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். அழித்த இடத்தில் பழைய எண் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

அன்று உன்னிடம் சொல்லவில்லை. நான் மூன்று தடவை எண்ணியிருந்தேன். மூன்று தடவையும் அதேதான் வந்தது.

உன் கழுதை